வெறுங்கையோடு திரும்பிய புதன்கிழமைகள்

2022 அக்டோபரில் வாத்து வேட்டைப் பருவம் தொடங்கிய நாளில், நான் ஆசையாக வாங்கி வைத்திருந்த புது வேடர்ஸ் நனையவே இல்லை. வேடர்ஸ் என்பது மார்பு வரை ஏறும், தண்ணீர் புகாத காலணியும் கால்சட்டையும் ஒன்றாய்ச் சேர்ந்த சங்கதி. அதை மாட்டிக்கொண்டு, காட்டு வாத்துகளை ஏமாற்றி வரவழைக்கும் பொம்மை வாத்துகளை மிதக்கவிட ஒரு முழம் தண்ணீர் கிடைக்குமா என்று இருட்டில் அரை மைல் நடந்தேன். வடக்கு கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கில் அது மூன்றாவது வறட்சி ஆண்டு. வழக்கமாக ஐந்து லட்சம் ஏக்கரில் நெல் விளையும் பகுதியில் ஏறக்குறைய பாதிதான் விதைத்திருந்தார்கள். குளங்கள் பலவும் வெடித்த சேறாய்க் கிடந்தன. அன்று நான் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றியது ஒரே தடவை. அதுவும் குறி தவறியது.

அந்த வாரமே பக்கத்து வீட்டுப் பெரியவர் கராஜைத் திறந்துவைத்து, பன்னிரண்டு பொம்மை வாத்துகளை நாற்பது டாலருக்கு என்னிடம் தள்ளிவிட்டார். எனக்கு இந்த வேட்டையைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். சிறு வயதிலிருந்தே இந்தச் சதுப்புகளில் சேறு மிதித்தவர். “முடிந்தது. இனி இங்கே ஒன்றும் இல்லை. நீயும் வேறு பொழுதுபோக்கு பார்” என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார்: “எழுபத்தேழு வறட்சியிலும் இதையேதான் சொன்னார். தொண்ணூற்றொன்றில் ஈயக் குண்டைத் தடை செய்தபோதும் சொன்னார்.”

எனக்குச் சிரிப்பு வந்தாலும், அவர் சொன்னது மனசில் ஒட்டிக்கொண்டது. அன்று முதல் இன்று வரை அந்தப் பன்னிரண்டு பொம்மைகளைத் தூக்கிக்கொண்டுதான் போகிறேன். நடுவில் நானும் இரண்டு தடவை ‘முடிந்தது’ என்று சொல்லியிருக்கிறேன்.

நான் திருவாரூர்ப் பக்கத்துக்காரன். பிழைப்பு மென்பொருள். கிரீன் கார்டு வந்த பிறகு, வேட்டைக் கல்வி வகுப்பு முடித்து, பாதுகாப்புத் தேர்வு எழுதி, கடையில் பணம் கட்டிய பின்னும் பத்து நாள் காத்திருந்து ஷாட்கன் வாங்கினேன். விஷயம் தெரிந்ததும் அம்மா போனில், “ஏண்டா தம்பி, அறுத்த வயல்ல வாத்து நெல்லு பொறுக்க வந்தா நாம என்ன சுட்டோமா?” என்று கேட்டார். அவர் சொன்னது மேய்க்க ஓட்டி வரும் வளர்ப்பு வாத்துகளை. இருந்தாலும் கேள்வி கேள்விதான். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு வாத்தைச் சுடுவது குற்றம். நான் சொல்வதெல்லாம் உரிமம், பருவம், எண்ணிக்கை என்று எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிற இந்தப் பள்ளத்தாக்கின் கதை. அதை ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

இந்தப் பள்ளத்தாக்கில் என்னை முதலில் இழுத்தது வாத்து அல்ல, நெல். அறுவடை முடிந்து தாள் நிற்கும் வயலில் தண்ணீர் கட்டியிருப்பார்கள். விடிகாலையில் வரப்பில் நின்றால் அந்தச் சேற்று வாசனை அப்படியே நம் ஊர். தண்ணீர் கட்டுவது தாள் மக்குவதற்காக. கொட்டிக்கிடக்கும் நெல்லைத் தின்ன அலாஸ்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வாத்துகள் வந்து இறங்கும். குளிர்காலத்தில் இங்கே வாத்துகள் தின்னும் தீனியில் பாதிக்கு மேல் நெல் வயல்களிலிருந்துதான் கிடைக்கிறது.

பெரியவரின் புலம்பலை எடைபோட எனக்கு உதவியதும் இந்த வயல்தான். எழுபதுகளில் வாத்துக் கூட்டத்தால் வானம் கறுத்துப்போகும் என்பார். சரி, அப்போது அறுவடை முடிந்த வயலில் என்ன நடந்தது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “கொளுத்துவார்கள். ஊரெல்லாம் புகை” என்றார். வைக்கோல் எரிப்பதைப் படிப்படியாகக் குறைக்க 1991இல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகுதான் விவசாயிகள் பரவலாகத் தண்ணீர் கட்டத் தொடங்கினார்கள். நல்ல ஆண்டுகளில் மூன்று லட்சம் ஏக்கர் அளவுக்கு வயல்கள் குளிர்காலத்தில் நீர் நிறைந்து நிற்கும். ஆக, நான் ரசித்து நிற்கிற இந்தக் காட்சி அவருடைய பொற்காலத்தில் இப்படி இருந்ததே இல்லை.

அப்புறம் கொஞ்சம் பின்னோக்கிப் படித்தேன். 1930களில் வட அமெரிக்கச் சமவெளிகளில் தூசிப் புயலும் வறட்சியும் வந்து, வாத்து இனமே அற்றுப்போகும் என்று பயந்தார்கள். 1934இல் தபால்தலை வடிவில் ‘வாத்து முத்திரை’ வந்தது. கேலிச்சித்திரக்காரர் டிங் டார்லிங் வரைந்த முதல் முத்திரை ஒரு டாலர். இன்று இருபத்தைந்து. பதினாறு வயது நிறைந்த ஒவ்வொரு வாத்து வேட்டைக்காரரும் ஆண்டுதோறும் வாங்கியாக வேண்டும். ஒரு டாலருக்குத் தொண்ணூற்றெட்டு செண்ட் வாழிடம் வாங்கவும் காக்கவும் போகிறது. இதுவரை நூறு கோடி டாலருக்கு மேல் திரட்டி, அறுபது லட்சம் ஏக்கர் அளவுக்குக் காப்பாற்றியிருக்கிறார்கள். உயிருள்ள வாத்தைக் கட்டிப்போட்டு மற்ற வாத்துகளை இறக்குவதும், தானியம் தூவி வரவழைப்பதும், துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் போடுவதும் 1935இல் தடையாயின. (இப்படி மற்றவற்றை வரவழைக்கும் பறவைக்குப் பழந்தமிழில் ‘பார்வை’ என்று பெயர். என் பிளாஸ்டிக் பொம்மைகளையும் மனசுக்குள் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.) நான் போகும் சாக்ரமெண்டோ ரெஃப்யூஜ், அதாவது அரசின் பறவைப் புகலிடம், 1937இல் தொடங்கியது. வறண்ட உவர் நிலத்தில் வேலையில்லாத இளைஞர்களை வைத்துக் கரை போட்டு, மதகு வைத்து, குளமாக்கினார்கள். எழுபதுகளில் பெரியவர் பார்த்த கறுத்த வானம், அதற்கு நாற்பது வருடத்துக்கு முன் ‘முடிந்தது’ என்று சொல்ல மறுத்த சிலர் வெட்டிய குளத்துக்கு மேலேதான் இருந்தது.

இதைச் சொன்னதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்புவதாக நினைக்க வேண்டாம். கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் முன்பிருந்த சதுப்பு நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. அது திரும்பி வராது. வடக்கே டூலே ஏரிப் பகுதியில் 2020இல் தண்ணீர் வற்றி, பாட்டுலிசம் என்ற நச்சு நோய் பரவி, பல்லாயிரம் நீர்ப்பறவைகள் செத்தன. 2024இல் அதைவிட மோசம். இலையுதிர் காலம் வெதுவெதுப்பாகவே நீள்வதால் வடக்குப் பறவைகள் அங்கேயே தங்கிவிட்டுத் தாமதமாக வருகின்றன. 1955 முதல் வட அமெரிக்காவில் எடுத்துவரும் இனப்பெருக்கக் காலக் கணக்கெடுப்பில் 2023இல் 3 கோடியே 23 லட்சம் வாத்துகள், 2024இல் 3 கோடியே 40 லட்சம். இரண்டுமே நீண்டகாலச் சராசரிக்குக் கீழேதான். இதையெல்லாம் தெரிந்துகொண்டும் எப்படி உற்சாகமாக இருப்பது என்பதுதான் என் பிரச்சினையாக இருந்தது.

முதலில் என் அளவுகோலைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு ஏழு வாத்து என்பது சட்டம் போட்ட உச்சவரம்பு. நாங்களோ அதை ஏதோ கூலி மாதிரி நினைத்துக்கொள்கிறோம். ரெஃப்யூஜிலிருந்து வெளியே வரும்போது சோதனைச் சாவடியில் இனவாரியாக எண்ணிக் குறித்துக்கொள்வார்கள், சராசரியும் போடுவார்கள். நான் பார்த்த பல நாட்களில் அது ஆளுக்கு இரண்டு, மூன்று. அதாவது ஏழு என்பது சிலருக்குச் சில நாள் வாய்ப்பது. கைப்பேசியில் வரும் படங்களில் மட்டும் எல்லோருக்கும் எல்லா நாளும் ஏழு. பருவம் முழுக்க அந்தப் படங்களைப் பார்ப்பதை நிறுத்தினேன். பாதி வருத்தம் அத்தோடு போயிற்று. மிகையாகச் சொல்லவில்லை.

இரண்டாவது, ஒரு நோட்டுப் புத்தகம். இருபது ரூபாய்க் கோடு போட்ட நோட்டு, ஊரிலிருந்து வந்தது. தேதி, காற்றின் திசை, மூடுபனி, என்ன பறந்தது, எத்தனை மணிக்கு, நான் எங்கே தவறு செய்தேன். எத்தனை சுட்டேன் என்பதைக் கடைசி வரியில் சின்னதாக. மூன்று பருவம் எழுதியபின் எனக்கே சில விஷயங்கள் தெளிந்தன. தொடக்க வாரத்தில் கிடைப்பவை பெரும்பாலும் இங்கேயே குஞ்சு பொரித்த மல்லார்டு வாத்துகள். நவம்பர் நடுவில் ஒரு மந்தம் வரும். நான் முதல் வருடம் மனம் உடைந்ததும் சரியாக அந்த நாட்களில்தான். வடக்கே குளிர் இறங்கி, இங்கே முதல் பெரிய புயல் தெற்குக் காற்றோடு வந்தபிறகு ஊசிவால், விஜன், கிளுவை என்று மற்ற வாத்து வகைகளும் நிறையும். இது தெரிந்தால் நவம்பர் மந்தத்தை உலகத்தின் முடிவாக எடுத்துக்கொள்ளத் தோன்றாது. அந்த வாரங்களில் நான் போவதே இல்லை, லீவைச் சேமித்துவைக்கிறேன்.

நாள் தேர்வும் முக்கியம். இங்கே ரெஃப்யூஜ்களில் புதன், சனி, ஞாயிறு மட்டும் வேட்டை. இடத்துக்கு முன்பதிவுக் குலுக்கல் உண்டு. அதில் விழாதவர்களுக்கு முந்தின இரவு இன்னொரு குலுக்கல். அதிலும் விழாவிட்டால் வரிசையில் காத்திருந்து, உள்ளே போனவர் வெளியே வரவர ஒவ்வொருவராகப் போகலாம். சனிக்கிழமை வரிசையில் நின்று இரவைக் கழித்துவிட்டு ‘கூட்டம் கெடுத்துவிட்டது’ என்று திட்டுகிறவர்களில் நானும் ஒருவன். புதன்கிழமைக்கு மாறினேன். புதன் பதினோரு மணிக்குப் பலர் கிளம்பிவிடுவார்கள். அப்போது வரிசையில் நிற்பவனுக்கு இடம் கிடைத்துவிடும். மதியத்தில் வயலுக்கும் குளத்துக்கும் நடுவே அசைகிற வாத்துகள், காலையில் கிளம்பிப்போனவர்களுக்குத் தெரியாத ரகசியம். பல புதன்கிழமைகளில் வெறுங்கையோடுதான் திரும்பியிருக்கிறேன். ஆனாலும் தூக்கம் கெட்டதற்கு வருந்தியதில்லை.

இனி நான் செய்த தப்புகள். முதல் பருவத்தில் ஒரு நாள் காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. பக்கத்துக் குளத்தில் இருந்தவர்கள் எட்டாத உயரத்துக்கெல்லாம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பொறுமை போய் நானும் ஐம்பது அறுபது கெஜ உயரத்தில் போன ஒரு வாத்தைச் சுட்டேன். சிறகு தொங்கிக் கோரைக்குள் விழுந்தது. ஒன்றரை மணி நேரம் தேடினேன். கிடைக்கவில்லை. என்னிடம் நாய் கிடையாது. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. அம்மா கேட்ட கேள்விக்கு அன்றுதான் என்னிடம் பதில் இல்லாமல் போயிற்று. ஸ்டீல் குண்டு ஈயத்தைவிட இலேசானது, வேகமாக வலுவிழக்கும். முப்பத்தைந்து கெஜத்துக்கு மேல் எனக்கு வேலை இல்லை என்று அன்று முடிவு செய்தேன். இப்போது பொம்மைகளைப் போட்டதும் கடைசிப் பொம்மை வரை காலடி எண்ணி நடந்துவிடுவேன். அதைத் தாண்டினால் சுடுவதில்லை. விழுந்ததை எடுக்காமல் அடுத்ததைச் சுடுவதில்லை. ஒன்றை இழந்தால் அன்றைய என் கணக்கில் அதுவும் ஒன்று.

இன்னொன்று இருட்டில் நடந்தது. சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பே சுட அனுமதி உண்டு. அந்த அரைகுறை வெளிச்சத்தில் சாம்பல் நிறத்தில் ஒன்று இறங்கியது, கேட்வால் வாத்து என்று நினைத்துச் சுட்டேன். எடுத்துப் பார்த்தால் பெண் ஊசிவால். அந்தக் காலத்தில் ஒரு நாளைக்கு ஊசிவால் ஒன்றுதான். விடிந்ததும் என் தலைக்கு மேல், நீண்ட வாலும் வெள்ளைக் கழுத்துமாய் ஆண் ஊசிவால்கள் ஒரு மணி நேரம் வட்டமடித்தன. கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். அதன்பிறகு முதல் பத்து நிமிடம் தோட்டா போடாமலே உட்கார்ந்திருக்கிறேன், காதைத் தீட்டிக்கொண்டு. விஜன் மூன்றாய் உடைத்துச் சீட்டியடிக்கும். ஊசிவால் ஆண் மெல்லிய ஊதலாகக் கூப்பிடும். மல்லார்டு பெண்தான் நாம் நினைக்கிற ‘குவாக்’. கிளுவை வருவதே தெரியாது, துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம், பார்ப்பதற்குள் போய்விடும். அந்தப் பத்து நிமிடம் என் நாளின் சிறந்த பகுதியாகிவிட்டது. நோட்டுப் புத்தகத்திலும் அதற்குத்தான் நீளமான பத்திகள்.

பல வருடம் ஒன்றாகவே இருந்த அந்த ஊசிவால் வரம்பை 2025-26 பருவத்தில் மூன்றாக்கினார்கள். மாறுகிற காலம் எப்போதும் நமக்கு எதிராகவே மாறும் என்பதில்லை. செய்தியைப் பெரியவரிடம் கொண்டுபோனேன். “காகிதத்தில் மூன்று, வானத்தில் எத்தனை?” என்றார். அதுவும் நியாயமான கேள்விதான்.

புலம்பலுக்கு நான் கண்ட மருந்துகளில் வேலை செய்வது, வேலை செய்வதுதான். பருவம் முடிந்து பிப்ரவரி வந்ததும் மரவாத்துக் கூடுகளைச் சுத்தம் செய்யும் ஒரு தன்னார்வக் குழுவோடு போகிறேன். மரப்பொந்தில் முட்டையிடும் வாத்து அது. பழைய பெருமரங்கள் குறைந்ததால் பெட்டி வைக்கிறோம். மூன்று அங்குல உயரம், நான்கு அங்குல அகலத்தில் முட்டை வடிவத் துளை, உள்ளே மரச் சீவல். கம்பத்தில் தகரக் கவசம் சுற்றாவிட்டால் ரக்கூனும் பாம்பும் ஏறிவிடும். உள்பக்கம் பலகை வழுவழுப்பாக இருந்தால் குஞ்சால் ஏற முடியாது, அதனால் சொரசொரப்பாக்க வேண்டும். பொரித்த மறுநாளே தாய் கீழிருந்து கூப்பிட, பஞ்சுருண்டை மாதிரிக் குஞ்சுகள் ஒவ்வொன்றாய்க் குதிக்கும். அதை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அடுத்த நாள் அலுவலகக் கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று எனக்கு நினைவில்லை. ‘வாத்து குறைந்துவிட்டது’ என்று வரிசையில் யாராவது தொடங்கினால் இப்போது கேட்கிறேன்: “சனிக்கிழமை பெட்டி சுத்தம் செய்ய வருகிறீர்களா?” பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள். இரண்டு பேர் வந்திருக்கிறார்கள்.

கறி விஷயத்தில் எங்கள் வீட்டில் சட்டம் எளிது: சமைக்க நேரமில்லாத வாரத்தில் வேட்டை இல்லை. நெல் தின்ற ஊசிவாலும் மல்லார்டும் ருசி. தட்டைவாயன் என்ற வாத்தை இங்கே கேலி செய்வார்கள், சேற்று வாடை என்று. மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு நிதானமாக வதக்கினால் எங்கள் வீட்டில் யாரும் கேலி செய்வதில்லை. பறவைக் காய்ச்சல் வந்தபிறகு கூடுதல் ஜாக்கிரதை: தளர்ந்து கிடக்கும் பறவையைத் தொடுவதில்லை, இறகு பிடுங்கும்போது கையுறை, கறி முழுசாக வேக வேண்டும். கறியை இளஞ்சிவப்பாகச் சாப்பிடுவதுதான் நாகரிகம் என்று இங்கே சிலர் சொல்வார்கள். நம் அம்மாக்கள் அதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள், இந்தத் தடவை சுகாதாரத் துறையும் அம்மாக்கள் பக்கம்.

போன ஜனவரியில் ஒரு மூடுபனிப் புதன். இந்தப் பள்ளத்தாக்கின் பனி கைநீட்டினால் விரல் தெரியாத ரகம். முந்தின மாலை பெரியவர் வேலியோரம் வந்து, தன் பொம்மைகள் எப்படி இருக்கின்றன என்று விசாரித்தார். ஒன்றின் கழுத்து உடைந்துவிட்டது என்றேன். ஒட்டித்தருகிறேன், கொண்டுவா என்றார். கொண்டுபோனேன். ஒட்டிக்கொண்டே நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய் என்று கேட்டார். துப்பாக்கி எடுத்து வரவில்லை. வாத்துக் குரல் எழுப்பும் ஊதலை மட்டும் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மடக்கு நாற்காலியோடு வந்தார். பத்து மணி வரை பனி விலகவில்லை. எங்கள் தலைக்கு மேல் நூற்றுக்கணக்கில் பறந்தன, ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அவர் ஒவ்வொரு சத்தத்துக்கும் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார். பதினொன்றரைக்கு ஒரு பச்சைச் சிறகுக் கிளுவை பனியைக் கிழித்துக்கொண்டு பொம்மைகளுக்கு நடுவே இறங்கப் பார்த்தது. அதுதான் அன்றைய முழுக் கணக்கு. திரும்பும்போது காரில் அவர், இந்த வருடமும் சுமார்தான், எழுபதுகளில் என்றால்... என்று தொடங்கி, அப்படியே தூங்கிப்போனார்.

அந்தப் பருவத்தில் வனவுயிர்த் துறையின் சிறகுக் கணக்கெடுப்புக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சுட்ட ஒவ்வொரு வாத்தின் ஒரு சிறகையும் அவர்கள் கொடுத்த உறையில் போட்டு அனுப்ப வேண்டும். அதை வைத்து இனம், வயது, ஆணா பெண்ணா என்று நிபுணர்கள் பார்த்து எழுதுவார்கள். உறையில் தேதியும் மாவட்டமும் எழுதுவது மகளின் பொறுப்பு. வெளிச்சத்தில் சிறகை விரித்து அந்தப் பச்சையைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஒண்ணுதானாப்பா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உறையை நாக்கால் ஒட்டப் போனவளைத் தடுத்து, டேப்பை எடுத்துக் கொடுத்தேன்.